சிறப்புக் கல்வியில் முதுகலை: பேராக் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு அது எதற்கு?

எந்தத் தமிழ்ப்பள்ளிக்குப் போனாலும் இரண்டாம் ஆண்டு வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். வாய் ஓயாமல் கதை சொல்லும் மாணவன், பலகையில் உள்ள நான்கு சொற்களை வாசிக்கச் சொன்னால் வியர்த்துப் போவான். இன்னொரு பிள்ளை பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்காது, ஆனால் பேருந்து எண்கள் எல்லாம் அதற்கு மனப்பாடம். மூன்றாமவர் நாற்காலியில் இரண்டு நிமிடம் உட்காரமாட்டார். இவர்களிடம் ஏதோ இருக்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரியும். அது என்ன, தன்னால் என்ன செய்ய முடியும் என்பதுதான் தெரியாது. சாதாரண வகுப்பாசிரியராகப் பயிற்சி பெற்றவருக்குச் சிறப்புத் தேவை மாணவர் பற்றி ஓரிரு பாடங்களில் அறிமுகம் மட்டுமே கிடைத்திருக்கும்.

இந்த இடைவெளியை நிரப்ப ஆசிரியர்கள் எடுக்கும் மேற்படிப்புதான் சிறப்புக் கல்வி முதுகலை. அண்மைய ஆண்டுகளில் வகுப்பறைத் தொழில்நுட்பமும் அதோடு சேர்ந்துகொண்டது. அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது, பேராக்கில் இருக்கும் தமிழ் ஆசிரியருக்கு அது எப்படிப் பயன்படும், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஆசிரியர் அல்லாத பெற்றோரும் படிக்கலாம். பள்ளியிடம் எதைக் கேட்கலாம் என்பது இதிலிருந்து தெரியவரும்.

பேராக்கின் தனி நிலை

நாட்டில் தமிழ்ப்பள்ளிகள் மிக அதிகமாக உள்ள மாநிலம் பேராக். மொத்தம் 134 பள்ளிகள். காரணம் பலருக்கும் தெரிந்ததே. 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் சுங்கை சிப்புட் முதல் பாகான் டத்தோ வரை தோட்டங்கள் விரிந்தன. பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்படித் தோன்றிய ஓராசிரியர் பள்ளிகளின் வாரிசுகள்தான் இன்றைய பள்ளிகளில் பெரும்பாலானவை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின. மக்கள் புந்தோங்கிற்கும் மெங்லெம்புவுக்கும், இன்னும் தொலைவில் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கும் போய்விட்டார்கள். சில பள்ளிகள் அவர்களோடு பட்டணத்துக்கு இடம் மாறின. சில செம்பனைக்கு நடுவே அப்படியே நிற்கின்றன. 150-க்குக் குறைவான மாணவர் உள்ளவற்றைக் கல்வி அமைச்சு 'குறைந்த மாணவர் பள்ளி' என்று வகைப்படுத்துகிறது. பேராக் தமிழ்ப்பள்ளிகளில் இந்த வகைக்குப் பஞ்சமில்லை. 30 மாணவர்கூட இல்லாத இடங்களில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் சேர்த்துக் கற்பிக்கிறார்கள்.

சிறப்புக் கல்விக்கு வரும்போது இந்தச் சிறிய அளவு இரண்டு விதமாக வேலை செய்கிறது. தேசியப் பள்ளியிலோ தமிழ்ப்பள்ளியிலோ சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பு வகுப்பு, அதாவது எல்லாரும் பிபிகேஐ என்று சொல்லும் வகுப்பு, திறக்கப் போதிய மாணவரும் அறையும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் வேண்டும். சிறிய பள்ளியில் மூன்றும் ஒருசேர அமைவது அரிது. ஆகவே தமிழ்ப்பள்ளிகளில் ஒரு சிறு பகுதியில்தான் பிபிகேஐ வகுப்பு இருக்கிறது. மற்ற இடங்களில் பிள்ளைக்கு ஆட்டிசம் என்று உறுதியானதும், பெற்றோர் அருகிலுள்ள தேசியப் பள்ளியைத் தேடுகிறார்கள். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த, பேச்சே தாமதமாக வந்த பிள்ளை, ஏழு வயதில் மலாய் மொழியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறது. தமிழ்ப்பள்ளியை விட்டுப் போனார்கள் என்று அந்தப் பெற்றோரைக் குறை சொல்வோர் உண்டு. அவர்களுக்கு வேறு வழி என்ன இருந்தது என்று யோசிக்க வேண்டும்.

மறுபக்கம் ஒன்று இருக்கிறது. இரண்டு ஆண்டு மாணவரை ஒரே அறையில் வைத்து, ஒரு பகுதிக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு மறு பகுதிக்குக் கணிதம் சொல்லித்தரும் தோட்டப்புற ஆசிரியர், பல்கலைக்கழகம் 'வேறுபடுத்திக் கற்பித்தல்' என்று பாடமாக வைத்திருப்பதை ஏற்கெனவே கைப்பழக்கமாகச் செய்துகொண்டிருக்கிறார். பன்னிரண்டு மாணவர் உள்ள வகுப்பில் ஒரு சிறப்புத் தேவை மாணவரைச் சேர்த்துக்கொள்வது, நாற்பது பேர் வகுப்பில் செய்வதைவிட எளிது. சிறிய பள்ளியின் ஆசிரியர் ஒருவர் இத்துறையில் படித்துவிட்டு வந்தால் பள்ளியே மாறும் வாய்ப்பு உண்டு.

சட்டம் எங்கே நிற்கிறது

1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சிறப்புக் கல்வியை அமைச்சின் பொறுப்பாக வைத்தது. அடுத்த ஆண்டு வந்த விதிமுறைகளுக்குப் பதிலாக 2013-இல் புதிய சிறப்புக் கல்வி விதிமுறைகள் வந்தன. பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய விஷயங்கள் அதில் இரண்டு. மாணவரை மூன்று மாதங்களுக்கு மேற்போகாத சோதனைக் காலத்தில் வைத்துப் பார்க்கலாம். கற்பிக்கும் முறையையும் நேரத்தையும் பாடப்பொருளையும் துணைக்கருவியையும் மாணவருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள ஆசிரியருக்கு அனுமதி உண்டு. இந்த இரண்டாவது விதி நம் ஆசிரியர் பலருக்குத் தெரியாது. 'பாடத்திட்டத்தை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை' என்று சொல்பவரிடம் இதை எடுத்துச் சொல்லலாம்.

2008-இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. 2010-இல் ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை மலேசியா ஏற்றது. 2013-இல் வெளிவந்த கல்விப் பெருந்திட்டம், அப்போது சிறப்புத் தேவை மாணவரில் 89 விழுக்காட்டினர் பிபிகேஐ வகுப்பிலும், 5 விழுக்காட்டினர் தனிச் சிறப்புப் பள்ளிகளிலும், வெறும் 6 விழுக்காட்டினர் மட்டுமே பொது வகுப்பிலும் படிப்பதாகச் சொன்னது. 2025-க்குள் 75 விழுக்காட்டினரைப் பொது வகுப்பில் சேர்ப்பது இலக்காக இருந்தது. 2019 முதல் எந்த மாணவரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கையும் நடப்பில் உள்ளது. இவற்றின் பொருள் ஒன்றுதான்: சிறப்புக் கல்வி இனி பிபிகேஐ ஆசிரியரின் வேலை மட்டுமல்ல. சாதாரண நான்காம் ஆண்டு வகுப்பாசிரியரின் அறைக்குள் அது நுழைந்துவிட்டது.

ஈப்போவிலேயே இதைப் பற்றிப் பல்லாண்டுகளாகப் பொதுவில் பேசியும் எழுதியும் வருபவர், ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் குழந்தை நலப் பிரிவுத் தலைவராக இருந்த டாக்டர் அமர் சிங். சிறப்புத் தேவைப் பிள்ளைகளைத் தனியே ஒதுக்காமல் மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்க வைக்க வேண்டும் என்பது அவருடைய வாதம்.

ஆனால் மருத்துவரிடம் போகவே தயங்கும் குடும்பங்கள் நம்மிடம் அதிகம். 1911-இல் தஞ்சோங் ரம்புத்தானில் மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை. நூறாண்டு கடந்தும் 'தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போக வேண்டியவன்' என்பது நம் வாயில் கிண்டலாகவே வருகிறது. டிஸ்லெக்ஸியா என்பது வாசிப்புச் சிக்கல், மனநோய் அல்ல. ஆட்டிசமும் மனநோய் அல்ல. இந்த வித்தியாசத்தை ஒரு பாட்டிக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்த ஆசிரியர் பாதி வேலையை முடித்துவிட்டார். மருத்துவர் உறுதிப்படுத்தினால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சமூகநல இலாகாவின் மாற்றுத்திறனாளி அட்டை, சிறப்புக் கல்வித் திட்டத்தில் சேர்ந்த மாணவருக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை, தேர்வில் கூடுதல் நேரம் போன்றவை.

படிப்பில் என்ன இருக்கிறது

நம் நாட்டில் முதுகலைப் பட்டம் மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் ஏழாம் நிலை. பாடவழி முதுகலைக்குக் குறைந்தது 40 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வாசிப்பு, எழுத்து வேலை எல்லாம் சேர்த்து 40 மணி நேர உழைப்பு. ஆக மொத்தம் 1,600 மணி நேரம். வேலை பார்த்துக்கொண்டே இரண்டு ஆண்டில் முடிக்க நினைப்பவர் வாரத்துக்கு 15 மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். சேருமுன் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டிய கணக்கு இது. அமெரிக்காவில் ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் ஒன்றிரண்டு முதுகலைப் பாடங்களை மட்டும் தனியாக எடுத்து, உரிமத்தைப் புதுப்பிக்கவும் சம்பளப் படி ஏறவும் பயன்படுத்துவார்கள். இங்கே பெரும்பாலும் முழுப் பட்டமாகவே எடுக்கிறோம். தனிப் பாடங்களை எடுத்துச் சேர்த்துக்கொண்டே போகும் நுண்சான்றிதழ் முறைக்கு மலேசியத் தகுதி நிறுவனம் 2020-இல் வழிகாட்டி வெளியிட்டது. எல்லாப் பல்கலைக்கழகமும் அதைச் சிறப்புக் கல்விக்குத் தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

பாடங்களின் பெயர் இடத்துக்கு இடம் மாறினாலும் உள்ளடக்கம் ஏறக்குறைய ஒன்றே. சிறப்புக் கல்வியின் வரலாறும் சட்டமும் ஒரு பாடம். 1994-இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் கூடிய 92 அரசுகள், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளியின் கதவு திறந்திருக்க வேண்டும் என்று அறிவித்ததிலிருந்து பெரும்பாலும் தொடங்குவார்கள். குறைபாட்டு வகைகள் ஒரு பாடம். ஆய்வு முறை ஒரு பாடம். இவற்றை வாசித்தே தெரிந்துகொள்ளலாம்.

வாசித்துத் தெரிந்துகொள்ள முடியாதவை மதிப்பீடு, நடத்தை, தனிநபர் கல்வித் திட்டம் ஆகியவை. படிப்புக்குக் கொடுக்கும் பணத்தின் பெறுமதி இம்மூன்றில்தான் இருக்கிறது.

நடத்தைப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். மாணவன் திடீரென்று மேசையைத் தள்ளுகிறான். பயிற்சி பெறாத ஆசிரியர் அந்தத் தள்ளலை மட்டும் பார்க்கிறார். பயிற்சி பெற்றவர் மூன்று கட்டம் உள்ள ஒரு தாளை வைத்திருப்பார்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன்பின் என்ன கிடைத்தது. இரண்டு வாரம் எழுதிப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் எழுத்து வேலை கொடுத்த உடனேதான் மேசை தள்ளப்படுகிறது, ஒவ்வொரு முறையும் அவன் வெளியே அனுப்பப்படுகிறான் என்று தெரியவரலாம். வெளியே அனுப்புவதைத் தண்டனை என்று ஆசிரியர் நினைத்துக்கொண்டிருக்க, மாணவனுக்கு அதுவே விடுதலை. அப்போது சரிசெய்ய வேண்டியது எழுத்து வேலையின் அளவை.

தனிநபர் கல்வித் திட்டம், பள்ளிகளில் ஆர்பிஐ என்று அழைக்கப்படுவது, பல இடங்களில் கோப்பில் வைக்கும் தாளாகவே முடிந்துவிடுகிறது. 'தமிழ் வாசிப்பில் முன்னேற்றம் காண்பார்' என்று எழுதினால் அது நிறைவேறியதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. 'ஒற்றைக் கொம்பு உள்ள பத்துச் சொற்களில் எட்டை, தொடர்ந்து மூன்று நாள், துணையின்றி வாசிப்பார்' என்று எழுதினால் சொல்ல முடியும். பெற்றோரே, உங்கள் பிள்ளையின் ஆர்பிஐ கையெழுத்துக்கு வரும்போது இதை மட்டும் பாருங்கள். அதில் எண் இருக்கிறதா?

ஓர் எச்சரிக்கை. 'இந்தப் பிள்ளை பார்த்துக் கற்பவர், அந்தப் பிள்ளை கேட்டுக் கற்பவர்' என்று மாணவரைப் பிரித்து, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்ற கருத்து இன்னும் பல பயிற்சிகளில் ஓதப்படுகிறது. அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்கு ஆய்வாளர்கள் தேடியும் நம்பகமான சான்று கிடைக்கவில்லை. ஒலி, எழுத்து, கை மூன்றையும் எல்லா மாணவருக்கும் சேர்த்துப் பயன்படுத்துவது வேறு விஷயம். டிஸ்லெக்ஸியா பயிற்சியின் அடிப்படையே அதுதான்.

தமிழ் எழுத்து என்ற தனிச் சிக்கல்

பல்கலைக்கழகத்தில் சொல்லித்தராத பகுதி இது. அங்கே பயன்படும் பாடநூல்களில் பெரும்பாலானவை ஆங்கில வாசிப்பை அடிப்படையாகக் கொண்டவை. மற்றவை மலாய் சார்ந்தவை. இரண்டும் ரோமன் எழுத்து. அங்கே b, d குழப்பத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். நம் மாணவர் தடுமாறும் இடங்கள் வேறு.

தமிழில் 247 எழுத்து என்று சொல்லிக் குழந்தையைப் பயமுறுத்துகிறோம். உண்மையில் வடிவங்கள் அவ்வளவு இல்லை. பெரும்பாலானவை குறிகளைச் சேர்த்து வருபவை. ஆனால் அந்தச் சேர்க்கையில் சில பொறிகள் உள்ளன. 'கெ' என்பதில் கொம்பு முன்னால் எழுதப்படுகிறது, அதன் ஒலி பின்னால் வருகிறது. 'கொ' என்பதில் குறி இரண்டு பக்கமும் இருக்கிறது. 'கௌ' என்பதில் பின்னால் நிற்பது ளகரம் போலவே தோன்றுகிறது. கால் போட்டால் நெடில் என்று கற்ற பிள்ளை, உகரத்துக்கு வந்ததும் கு, சு, து, மு, ரு என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு உருவெடுப்பதைப் பார்க்கிறது. ரகரமும் காலும் சில அச்சுகளில் ஒன்றுபோலத் தெரியும். இடமிருந்து வலமாக ஒலியைக் கோத்துக்கொண்டு போகும் பிள்ளைக்குக் கொம்புக் குறிகள்தான் முதல் சறுக்கல். எனவே டிஸ்லெக்ஸியா சந்தேகமுள்ள மாணவருக்கு அகரம், ஆகாரம், இகரம் ஆகியவற்றை நன்றாக ஊன்றிவிட்டு, கொம்பை மிகத் தாமதமாக அறிமுகம் செய்வது நல்லது என்பது என் கருத்து. பாடநூலின் வரிசையை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. முன்னே சொன்ன விதிமுறை அதற்கு இடம் தருகிறது.

இன்னொன்று, பிழையையும் பேச்சு வழக்கையும் பிரித்தறிவது. மாணவர் 'பழம்' என்பதைப் 'பலம்' என்று எழுதினால் அது எழுத்துக் குறைபாடா? வீட்டில் யாரும் ழகரத்தை உச்சரிக்காத பிள்ளைக்கு அது காதில் விழும் ஒலியின் நேர்மையான பதிவு. ணகர, னகர மயக்கமும் ரகர, றகர மயக்கமும் அப்படித்தான். ஆனால் 'பழம்' என்பதைப் 'பமழ்' என்று எழுதினாலோ, நேற்று வாசித்த அதே சொல்லை இன்று முதன்முறை பார்ப்பதுபோல் பார்த்தாலோ, அது கவனிக்க வேண்டியது.

மூன்றாவது, மொழி எண்ணிக்கை. முதலாம் ஆண்டிலேயே நம் பிள்ளை மூன்று மொழிகளை இரண்டு எழுத்து முறைகளில் கற்கிறது. 2010-இல் தொடங்கிய லினுஸ் திட்டம் முதல் மூன்று ஆண்டு மாணவரின் எழுத்தறிவையும் எண்ணறிவையும் சோதித்தது. எழுத்தறிவு என்றபோது அதன் கவனம் மலாய் மொழியில் இருந்தது. பின்னர் ஆங்கிலமும் சேர்ந்தது. மலாய் வாசிக்கத் தெரியாத தோட்டப்புற மாணவர் டிஸ்லெக்ஸியா உள்ளவரா, அல்லது மலாய் மொழியை இப்போதுதான் கேட்கத் தொடங்கியவரா? பொது விதி எளிது. சிக்கல் வீட்டு மொழியிலும் இருந்தால் ஆழமாகப் பார்க்க வேண்டும். இரண்டாம் மொழியில் மட்டும் என்றால் முதலில் நேரம் கொடுக்க வேண்டும். இதைச் சோதிக்கத் தமிழில் ஒரு சோதனை வேண்டும், அதைத் தமிழ் தெரிந்தவர் நடத்த வேண்டும். மலாயில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத பிள்ளையைப் 'புரிந்துகொள்ளாதவர்' என்று பதிவு செய்துவிட்டால், அந்த ஒரு சொல் பல ஆண்டுகள் கோப்பில் கூடவே போகும்.

இந்தியாவில் இதற்கான வேலை தொடங்கியிருக்கிறது. சென்னையில் 1991 முதல் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் இயங்குகிறது. ஹரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015-இல் இந்திய மொழிகளுக்கான டாலி என்ற மதிப்பீட்டுத் தொகுப்பை வெளியிட்டது. தொடக்கத்தில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு அது வந்தது. தமிழுக்கு ஒன்று அமைந்தாலும் சென்னைப் பிள்ளைக்குத் தரப்படுத்திய சோதனையைச் சுங்கை சிப்புட் பிள்ளைக்கு அப்படியே பயன்படுத்த முடியாது. சொற்களே வேறு. நம் பிள்ளைகள் 'தண்டவாளம்' என்ற சொல்லைக் கேட்டிருக்க வாய்ப்பு குறைவு, 'செம்பனை' என்றால் உடனே கை நீட்டும்.

முதுகலையின் முடிவில் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வுத்திட்டம் செய்தாக வேண்டும். இதுவரை எத்தனையோ ஆசிரியர்கள் 'ஆசிரியர்களின் மனப்பான்மை' பற்றிக் கேள்வித்தாள் கொடுத்து விழுக்காடு போட்டுப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். அதற்குப் பதிலாக மூன்றாம் ஆண்டு மாணவருக்கான அறுபது சொல் கொண்ட வாசிப்புப் பட்டியல் ஒன்றை உருவாக்கி, பத்துப் பள்ளிகளில் சோதித்து, எந்தச் சொல்லில் எத்தனை பேர் தடுமாறுகிறார்கள் என்று பதிவு செய்தால், அடுத்து வரும் ஆசிரியர் கையில் ஒரு கருவி இருக்கும். பள்ளி சிறியது, மாணவர் ஒருவர்தான் என்பவர்களுக்கு ஒற்றை மாணவர் ஆய்வு முறை இருக்கிறது. ஐந்து நாள் எதுவும் மாற்றாமல் அளப்பது, பின் புதிய முறையைத் தொடங்கி அளந்துகொண்டே போவது. வரைபடத்தில் கோடு ஏறினால் தெரிந்துவிடும்.

தொழில்நுட்பம்: மின்னுவதெல்லாம் உதவாது

கருவியை முதலில் வாங்கிவிட்டுப் பயனைப் பிறகு தேடுவது நமக்குப் புதிதல்ல. 1999-இல் சில பள்ளிகளில் விவேகப் பள்ளி முன்னோட்டம் தொடங்கியது. பின்னர் 1பெஸ்தாரிநெட் திட்டத்தின் கீழ் நாடு முழுவதும் பள்ளிகளுக்கு இணையமும் ஃப்ராக் கற்றல் தளமும் வந்தன. அத்தளத்தைப் பயன்படுத்தியோர் மிகக் குறைவு என்று தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையே சொன்னது. 2019-இல் அத்திட்டம் முடிந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, ஜூனில் டெலிமா தளம் தொடங்கப்பட்டது. ஆனால் தோட்டப்புறத்தில் ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்டார்கள். பாடம் புலனத்தில் படமாக வந்தது. பொதுப் பிள்ளைகளுக்கே அப்படி என்றால், திரையில் முகம் பார்த்துப் பேசவே பழகாத ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அந்த இரண்டு ஆண்டுகள் என்னவாயின என்று சொல்ல வேண்டியதில்லை. 2023-இல் அமைச்சு டிஜிட்டல் கல்விக் கொள்கையை வெளியிட்டது.

முதுகலைப் பாடத்தில் இதற்கு மூன்று சட்டகங்கள் திரும்பத் திரும்ப வரும். அமெரிக்காவின் காஸ்ட் நிறுவனம் வளர்த்த அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு, பாடத்தைத் தொடக்கத்திலேயே பல வழிகளில் திறந்து வைக்கச் சொல்கிறது. மிஷ்ராவும் கோலரும் 2006-இல் முன்வைத்த டிபேக், பாட அறிவும் கற்பிக்கும் அறிவும் இல்லாமல் தொழில்நுட்ப அறிவு மட்டும் உதவாது என்கிறது. ஜோய் சபாலாவின் செட் முறை, மாணவர், சூழல், செய்ய வேண்டிய பணி ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே கருவியைத் தேர்வு செய்யச் சொல்கிறது. மூன்றில் நம் பள்ளிக்கு உடனே உதவுவது கடைசியானது. கருவி வரிசையில் நான்காவதாக வருவதுதான் அதன் சிறப்பு.

அந்த வரிசைப்படி போனால் பல சமயம் மின்சாரமே தேவைப்படாது. வகுப்பின் நாள் ஒழுங்கைப் படங்களாக ஒட்டிவைத்த அட்டை, வரிக்குக் கீழே வைக்கும் அளவுகோல், பென்சில் பிடி, சமையலறை மணிக்கடிகாரம். இவையும் உதவித் தொழில்நுட்பமே. பேசாத பிள்ளை படத்தைக் கையில் கொடுத்து வேண்டியதைக் கேட்கும் பெக்ஸ் முறை 1985-இல் அமெரிக்காவில் உருவானது. அதற்கு வேண்டியது படமும் ஒட்டுத்துணியும்தான்.

இலவசமாகவோ கைப்பேசியிலோ கிடைப்பவற்றில் தமிழுக்கு உதவுபவை சில உண்டு. பார்வையற்றோருக்கான என்விடிஏ திரைவாசிப்பான் 2006 முதல் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கும். குரல் இயந்திரத்தனமாக இருந்தாலும் பழகிவிடும். கூகுளின் பேச்சிலிருந்து எழுத்து வசதியில் மலேசியத் தமிழ் தனித் தேர்வாகவே உள்ளது. சொல்ல வேண்டியது மனத்தில் இருந்தும் எழுத முடியாத மாணவருக்கு இது பெரிய கதவு. நடுவில் ஒரு மலாய்ச் சொல் வந்தால் அது தடுமாறக்கூடும், ஆசிரியர் திருத்திக் கொடுக்கலாம். பேசாத பிள்ளைகளுக்கான ஆவாஸ் செயலி சென்னையில் அஜித் நாராயணன் குழு உருவாக்கியது. அங்குள்ள வித்யாசாகர் மையத்தின் பிள்ளைகளோடு பழகிச் செய்யப்பட்டது, தமிழிலும் பேசும். அதற்குக் கட்டணம் உண்டு. கணினியில் தமிழ் தட்டச்சைப் பொறுத்தவரை நாம் யாருக்கும் பின்தங்கவில்லை. முரசு அஞ்சலும் செல்லினமும் மலேசியரான முத்து நெடுமாறன் தந்தவை.

டிஸ்லெக்ஸியாவுக்கென்றே தனி எழுத்துரு என்று விற்கப்படுபவை ரோமன் எழுத்துக்கானவை. அவை வாசிப்பை மேம்படுத்துகின்றன என்பதற்கு அங்கேயே வலுவான சான்று இல்லை. எழுத்தைப் பெரிதாக்கி, சொற்களுக்கும் வரிகளுக்கும் இடையே இடைவெளி விட்டு அச்சிடுங்கள். அது போதும்.

எங்கே படிப்பது, எப்படிச் செலவைச் சமாளிப்பது

பேராக் ஆசிரியருக்கு வாசலிலேயே இருப்பது தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், நம் வழக்கில் உப்சி. 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997-இல் பல்கலைக்கழகமானது. தமிழ்மொழி ஆசிரியருக்கான இளங்கலைப் படிப்பும் சிறப்புக் கல்வியில் மேற்படிப்பும் ஒரே இடத்தில் இருப்பது நமக்கு வசதி. ஈப்போ, பத்து காஜா, கம்பார் நிலையங்களிலிருந்து மின்ரயிலில் போய்வரலாம். பாங்கியில் உள்ள தேசியப் பல்கலைக்கழகத்திலும் சிறப்புக் கல்வி முதுகலை உண்டு. பொதுவாக இளங்கலையில் 2.50 சராசரிப் புள்ளி எதிர்பார்க்கப்படும். அதற்குக் குறைந்தவர்களுக்குப் பணி அனுபவத்தின் பேரில் வழி இருக்கக்கூடும், கேட்டுப் பார்க்க வேண்டும்.

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கல்வி அமைச்சின் ஹாடியா லாத்திஹான் பெர்செகுத்துவான் உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் படித்து முடித்தபின் ஒப்பந்தக் காலம் பணியாற்ற வேண்டியிருக்கும். தனியார் பாலர் பள்ளியிலோ ஆரம்பகால இடையீட்டு மையத்திலோ வேலை செய்பவர்கள் ஊழியர் சேமநிதியிலிருந்து கல்விக்கென்று பணம் எடுக்கலாம். சொந்தப் பணத்தில் படிப்பவர் யாராக இருந்தாலும், முதுகலைக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு உண்டு. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

முகநூலில் வரும் 'ஆறு மாதத்தில் முதுகலை' விளம்பரங்களை நம்ப வேண்டாம். படிப்பின் பெயரை மலேசியத் தகுதிப் பதிவேட்டின் இணையப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். அதில் இல்லாத பட்டத்தைப் பொதுச் சேவைக்குக் கொண்டுபோய்ப் பயனில்லை. பதிவு செய்யுமுன் துறையிடம் கேட்க வேண்டியவை சில. வகுப்புகள் வார இறுதியிலா, இயங்கலையிலா? களப்பணியை நான் வேலை செய்யும் தமிழ்ப்பள்ளியிலேயே செய்ய முடியுமா? ஆய்வுத்திட்டத்தின் சோதனைப் பொருள் தமிழில் இருக்கலாமா, ஆய்வேட்டை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதித் தமிழ்ப் பகுதியைப் பின்னிணைப்பாக வைக்கலாமா? அப்படியானால் அதைப் படித்துப் பார்க்கத் தமிழ்த் துறை விரிவுரையாளர் ஒருவரை இணை மேற்பார்வையாளராகக் கேட்க முடியுமா? கடைசிக் கேள்விக்கான பதிலை மின்னஞ்சலில் எழுத்தாகவே பெற்றுக்கொள்வது நல்லது. முதல் பருவத்தில் இதைக் கேட்பவர்களுக்குத் தலைப்பை மாற்ற நேரம் இருக்கும், மூன்றாம் பருவத்தில் இருக்காது.